சுழற்சி வேகத்தை வைத்து கேலக்ஸியின் நிறை: கணக்கு எங்கே பிசகுகிறது?

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள், கேலக்ஸியும் அந்த இறக்கை மாதிரியே சுற்றும் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. இறக்கையின் நுனி வேகமாகப் போகும், அடிப்பக்கம் மெதுவாகப் போகும். ஒரு சுற்றை இரண்டும் சேர்ந்தே முடிக்கும். சுருள் கேலக்ஸியில் மையத்தை ஒட்டிய சிறு பகுதிக்கு மட்டுமே இது ஏறத்தாழப் பொருந்தும். அதைத் தாண்டினால் வேகம் பெரிதாக மாறாது. ஆகவே வெளியே போகப் போக ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் கூடும். சுருள் கரத்தில் எப்போதும் அதே நட்சத்திரங்களே இருந்தால், சில சுற்றுகளிலேயே கரம் இறுகிச் சுருண்டு காணாமல் போயிருக்கும். கரம் என்பது நட்சத்திரங்கள் உள்ளே வந்து கடந்து போகும் ஒரு நெரிசல் மட்டுமே என்னும் அடர்த்தி அலை விளக்கத்தை வானியலாளர்கள் லின், ஷூ இருவரும் 1964-இல் முன்வைத்தது இதற்காகத்தான்.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர்களுக்குச் சூத்திரம் சிரமமே இல்லை: வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுக்க வேண்டும். நொடிக்கு கி.மீ., கிலோபார்செக் (சுமார் 3,260 ஒளியாண்டு), சூரிய நிறை (சூரியனின் நிறையை ஒன்று எனக் கொள்வது) என்ற அலகுகளில் அந்த மாறிலி 4.3 × 10⁻⁶. நம் பால்வெளியில் சூரியனுக்கு ஏறத்தாழப் பொருந்தும் வேகம் 220, ஆரம் 8 என்றால் விடை சுமார் 9,000 கோடி சூரிய நிறை. ஆரத்தைக் கிலோபார்செக்குக்குப் பதில் ஆயிரம் ஒளியாண்டில் போட்டால் விடை 3.26 மடங்கு வீங்கிவிடும்.

பெரிய தவறு நடப்பது சாய்வில், அதாவது கேலக்ஸியின் தட்டு நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதில் (முகம் காட்டினால் 0°, விளிம்பு காட்டினால் 90°). நமக்கு நேராக வரும் அல்லது விலகும் வேகத்தை மட்டுமே டாப்ளர் விளைவு (வேகத்தால் ஒளியின் அலைநீளம் மாறுவது) காட்டும். முதலில் கேலக்ஸி முழுவதும் விலகிப் போகும் வேகத்தைக் கழிக்க வேண்டும். மீதியைச் சாய்வுக் கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். படத்தில் தட்டின் அகலம் நீளத்தில் பாதி என்றால் சாய்வு சுமார் 60°. நமக்கு முகம் காட்டி நிற்கும் அழகான சுருள்களைத்தான் எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்குக்கு அவைதான் மோசமானவை. 20° சாய்வை 25° என்று எடுத்தால் நிறை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதே 5° பிழை 70°-க்கும் 75°-க்கும் இடையில் நேர்ந்தால் வித்தியாசம் 5 சதவீதம்தான். விளிம்பு மட்டும் தெரியும் கேலக்ஸியில் சாய்வுத் தொல்லை இல்லை; ஆனால் தூசியும், ஒரே பார்வைக் கோட்டில் பல ஆரங்கள் கலப்பதும் குழப்பும்.

ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 21 செ.மீ. ரேடியோ அலைக் கோட்டைப் பயன்படுத்தினால் இன்னொரு பொறி. கோட்டின் முழு அகலத்தில் நெருங்கும் பக்கம், விலகும் பக்கம் இரண்டும் அடங்கும். பாதியாக்க மறந்தால் நிறை நான்கு மடங்கு.

உருவத்தை வைத்து அவசரப்பட வேண்டாம். தட்டையாகத் தெரிந்தால் வேகமாகச் சுற்றுகிறது என்று அர்த்தமில்லை. எம்87 போன்ற ராட்சத நீள்வட்ட கேலக்ஸிகள் மிக மெதுவாகவே சுற்றுகின்றன; நட்சத்திரங்கள் கண்ட திசையில் ஓடுகின்றன. அங்கே சுழற்சி வேகத்தை மட்டும் போட்டால் அபத்தமான சிறு நிறைதான் வரும். நட்சத்திரங்களின் வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்னும் வேகச் சிதறலைத்தான் எடுக்க வேண்டும். அதற்காக நீள்வட்டம் எல்லாமே சுற்றாது என்பதும் தப்பு. அட்லஸ்3டி என்ற வானியல் ஆய்வு பார்த்த 260 நீள்வட்ட, லெண்டிகுலர் (தட்டு உண்டு, சுருள் கரம் இல்லாத) கேலக்ஸிகளில் 86 சதவீதம் ஒழுங்காகச் சுற்றுபவை. ஜனவரி இரவில் நம் தெற்கு அடிவானத்துக்கு மேலே 11° உயரத்தில் பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறு கேலக்ஸி வரும் (வள்ளியூருக்குத் தெற்கே, விளக்கொளி இல்லாத இடம் வேண்டும்). கோணல்மாணலாக இருக்கும் அதுவும் நொடிக்கு ஏறத்தாழ 90 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது.

கடைசியாக, கிடைத்த நிறை எதனுடையது என்று எழுதத் தவறாதீர்கள். அந்த ஆரத்துக்குள் இருப்பது மட்டுமே அது. வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை அளந்தபோது, வெளியிலும் வேகம் எதிர்பார்த்தபடி விழவில்லை. வேகம் மாறாமல் ஆரம் இரட்டித்தால் உள்ளடங்கும் நிறையும் இரட்டிக்கும். ஒளி அந்த அளவுக்குக் கூடுவதில்லை. மேலே வந்த 9,000 கோடி, சூரியனின் பாதைக்குள் இருப்பது. ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருளையும் சேர்த்து நம் பால்வெளியின் மொத்த நிறை ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி சூரிய நிறை.