வீவ் கம்பம் பழக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஜிலிட்டி எனும் நாய்த் தடையோட்டப் போட்டியில், நேர்கோட்டில் நட்ட கம்பங்களுக்கிடையே நாய் வளைந்து வளைந்து ஓட வேண்டிய தடைதான் வீவ் கம்பம். அதில் நாய் தடுமாறினால், கோளாறு பெரும்பாலும் முதல் இடைவெளியில்தான் இருக்கும். நாய் ஓடிவரும்போது முதல் கம்பம் அதன் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். அதாவது வரிசையின் வலப்புறமிருந்து 1-க்கும் 2-க்கும் நடுவே புக வேண்டும். இந்த வாசலை எந்தக் கோணத்திலிருந்து வந்தாலும் நாயே கண்டுபிடிக்க வேண்டும். போட்டியில் நுழைவு தவறினால் அது மறுப்பாகவே (தடையைச் செய்ய நாய் மறுத்த பிழையாக) கணக்கிடப்படும்.

இதைப் பழக்காமல் 12 கம்பத்தையும் நட்டுவிட்டு, பில்டாங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) துண்டை மூக்கின்முன் காட்டி உள்ளே வெளியே என்று இழுத்துப் போகிறார்கள். தவறுகளில் பெரியது இதுதான். நாய் கையைப் பார்க்கிறதே தவிர கம்பத்தைப் பார்ப்பதில்லை. தலையைத் தூக்கியே நடப்பதால் வேகமும் வராது. (பில்டாங்கில் உப்பு அதிகம். உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பயறளவு நறுக்கிக் கொடுப்பது நல்லது.)

இரண்டே கம்பத்தில் தொடங்குங்கள். நாய் நேராக ஓடிப் புகும்படி, வாசல்போல் எதிரே திருப்பி வையுங்கள். அது கடந்த கணமே பரிசை அதற்கு முன்னே, ஓடும் திசையில் 2 மீட்டர் தள்ளி எறியுங்கள். கையிலிருந்து கொடுத்தால் அடுத்த முறை உங்கள் பக்கமே திரும்பும். பத்தில் எட்டு முறை சரியாகப் போனால் வாசலைச் சிறிது சிறிதாக நேர்கோட்டை நோக்கித் திருப்புங்கள். பிறகு அடுத்த ஜோடியை 3 மீட்டர் தள்ளி வைத்து மெல்ல நெருக்குங்கள். இந்த முறை பிடிக்காவிட்டால், கம்பங்களை இரு வரிசையாகப் பிரித்து நடுவே ஓடவிட்டு, வாரவாரம் சில சென்டிமீட்டர் ஒடுக்கும் சானல் முறையும் நல்லதே. இரண்டையும் கலந்தால்தான் நாய் குழம்பும்.

கோணம் மாற்றாமல் நேர்வரவிலேயே பழக்குவது அடுத்த தவறு. இடப்பக்கமிருந்து வரும் நாய் முதல் கம்பத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும். பழகாத நாய் அங்கே தவறான பக்கத்திலிருந்து புகும். வலப்பக்கமிருந்து வேகமாக வரும் நாய்க்கோ வாசல் எளிது, உள்ளே போனதும் வேகத்தை அடக்கி மடங்குவதுதான் கடினம். அதனால் இரண்டாவது கம்பத்தை விட்டுவிடும். இரண்டும் வேறு வேறு பாடம், தனித்தனியே பழக்குங்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதி வீட்டு முற்றங்களில் இடம் சிறிது. 60 சென்டிமீட்டர் இடைவெளியில் 12 கம்பத்துக்கு 6.6 மீட்டர் வேண்டும், ஓடிவரவும் ஓடிமுடிக்கவும் தனியாக. அதற்காக இடைவெளியைக் குறைக்காதீர்கள். நாயின் கால்வைப்பு கெட்டுவிடும். 3 மீட்டரில் 6 கம்பம் நடுங்கள், போதும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 32 அல்லது 40 மில்லிமீட்டர் பிவிசி குழாயை 1 மீட்டர் உயரத்துக்கு அறுத்தால் ஆயிற்று. கிகுயூ எனும் புல்தரைப் புல்லில் ஒரே இடத்தில் நட்டுவைத்தால் தடம் பள்ளமாகும், நாய் கம்பத்தை விட்டுப் பள்ளத்தைப் பின்பற்றத் தொடங்கும். வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

குட்டிகளை அவசரப்படுத்தாதீர்கள். எலும்பு வளர்ச்சி முடியுமுன் முதுகையும் தோளையும் திரும்பத் திரும்ப வளைப்பது கேடு; இனத்தைப் பொறுத்து 12 முதல் 18 மாதம் வரை காத்திருங்கள். பிறகும் ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டர்பன் புழுக்கத்தில் காலை 7 மணிக்கு முன்பு முடித்துவிடுங்கள். புல்லில் ஓடிய நாயின் காதையும் விரலிடுக்கையும் உண்ணிக்காகத் தடவிப் பாருங்கள், இரத்த அணுக்களைத் தாக்கும் பிலியரி நோய் உண்ணியால்தான் வருகிறது. தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டிருக்கும் நாயைக் கம்பத்தருகே கொண்டுபோகவே வேண்டாம்.

தவறியதும் அதட்டுவது வீண். அதட்டு வாங்கிய நாய்க்குக் கம்பம் என்றாலே வேகம் குறையும். பேசாமல் அழைத்து முதலிலிருந்து விடுங்கள். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் கம்பத்தைக் குறைத்து எளிதாக்குங்கள்.

10-ஆவது கம்பத்தில் வெளியேறும் நாய்கள் ஏராளம். கடைசிக் கம்பம் நெருங்கும்போது நீங்கள் நிற்பதும், குனிவதும், பரிசை எடுக்கப் பையில் கைவிடுவதும்தான் காரணம். நாய் முடிக்கும்வரை அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருங்கள். பரிசு 12-ஐத் தாண்டி நேர்கோட்டில் முன்பே கிடக்கட்டும், தவறினால் அதை எடுத்துவிட ஒருவர் அருகில் நிற்கட்டும். ஒருநாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம் ஓடுங்கள். அது உறுதியான பின்தான் பின்தங்கி நிற்பதையும், பக்கவாட்டில் விலகிப் போவதையும் சேர்க்க வேண்டும்.