வராத பஸ்ஸுக்குப் புகார் எழுதுவது எப்படி

"சேவை படுமோசம்" என்று எழுதினால் "வருந்துகிறோம்" என்று பதில் வரும், அவ்வளவுதான். தடம் எண், நிறுத்தம், போகும் திசை, அட்டவணை நேரம், வந்த நேரம் எல்லாம் வேண்டும். நான் நின்ற இடத்திலேயே போனில் குறித்துக்கொள்வேன். வீட்டுக்குப் போனால் கோபம்தான் நினைவிருக்கும். நிற்காமல் போன பஸ் என்றால் பக்கவாட்டில் உள்ள வண்டி எண்ணையும் பாருங்கள், ஜிபிஎஸ் பதிவைத் தேட உதவும். ஓட்டுநரைத் திட்டாதீர்கள், அட்டவணை போட்டது அவரில்லை.

"90 சதவீதம் நேரத்துக்கு ஓடுகிறதே" என்பார்கள். அசராதீர்கள். பல நிறுவனங்கள் 5 நிமிடத் தாமதத்தைத் தாமதமாகவே கணக்கிடுவதில்லை. சரி, ரத்தான நடைகள் அந்தக் கணக்கில் உண்டா என்று திருப்பிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னதை மறுநாள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.