வேல்ஸ் பண்ணைகளின் பழைய கல் கட்டடங்கள்: பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸ் மலைப்பகுதியின் பழைய சிறுபண்ணை ஒன்றில், குடியிருக்கும் வீட்டை ஒட்டியோ முற்றத்தைச் சுற்றியோ, 'பெய்டி' எனப்படும் மாட்டுத் தொழுவமும், 'அஸ்கிபோர்' எனப்படும் களஞ்சியமும், வண்டிக் கொட்டகையும், பன்றிக் கொட்டிலும் அந்த வட்டாரத்துக் கல்லாலேயே எழுப்பப்பட்டிருக்கும். கைவிடப்பட்டு இடிந்தவை பல. ஆனால், காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு செய்த வேலையே சுவரைக் கெடுத்துவிடுவதைப் பார்க்கும்போதுதான் மனம் மிகவும் வருந்துகிறது.

முதன்மையான தவறு, கற்களின் இடுக்குகளைச் சிமெண்ட்டால் பூசி அடைப்பது. இச்சுவர்கள் பெரும்பாலும் அரை மீட்டருக்கும் அதிகமான தடிமன் கொண்டவை. உள்ளும் புறமும் இரண்டு கல்வரிசைகளைக் கட்டி, நடுவே சிறு கற்களையும் மண்ணையும் நிரப்பியிருப்பார்கள். வடமேற்கு வேல்ஸின் எரிரி (ஸ்னோடோனியா) மலைகளின் உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அத்தகைய மழையை இச்சுவர்கள் முழுமையாகத் தடுப்பதில்லை. ஓரளவு நீரை உள்வாங்கி, காற்று வீசும் நாட்களில் மென்மையான சுண்ணாம்புக் காரையின் வழியே அதை வெளியே விட்டுவிடுகின்றன. சிமெண்ட் இந்த வழியை அடைத்துவிடுகிறது. சுவர் சற்றே அசையும்போது சிமெண்ட்டில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. அவற்றின் வழியே புகும் நீர் திரும்பி வர வழியின்றித் தங்கிவிடுகிறது. தென் வேல்ஸின் பிரெக்கன் பகுதியில் உள்ளதைப் போன்ற மணற்கல்லாக இருந்தால், குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து கல்லின் முகமே பெயர்ந்து விழும். வடக்கே கிடைக்கும் சிலேட்டு, கருங்கல் போன்ற கடினக் கற்களுக்குச் சிமெண்ட் தீங்கு செய்யாது என்று எண்ணுவோர் உண்டு. கல்லுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் சுவரின் நடுவே தங்கிய ஈரம், உத்திரங்களின் முனைகளையும் வாசலுக்கு மேலுள்ள ஓக் மரச் சட்டங்களையும் யார் கண்ணிலும் படாமல் உளுக்க வைக்கும்.

சுண்ணாம்பைப் பயன்படுத்துவோரும் அவசரப்படக் கூடாது. வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் காலத்தில் பூசினால், காரை இறுகுமுன் உறைபனி அதை உதிர்த்துவிடும். வெயிலிலும் காற்றிலும் வேகமாக உலரவிட்டாலும் கேடுதான். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெல்ல உலர விட வேண்டும். எல்லாச் சுவருக்கும் காரை தேவை என்பதும் இல்லை. கார்டிஃப் அருகே செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியுள்ள வட்டமான பன்றிக் கொட்டில், கல்மேல் கல்லை உள்நோக்கி அடுக்கியே கூரை மூடப்பட்டது.

அடுத்து, தரை. மண்தரையையோ கல்பாவிய தரையையோ பெயர்த்து, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கான்கிரீட் போட்டால், அடியிலிருந்து ஏறும் ஈரம் ஓரங்களுக்கு நகர்ந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். வெளியே ஆண்டுக்கணக்கில் உயர்ந்துவிட்ட முற்றத்து மண்ணை அகற்றுவது நல்லதே. ஆனால் வடிகாலுக்கென்று சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டுவது ஆபத்தானது. இக்கட்டடங்களில் பலவற்றுக்கு அடித்தளம் என்று சொல்லத்தக்க ஆழமே கிடையாது.

கூரையில் உள்ள பழைய சிலேட்டுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. இறவாரத்தில் பெரியவற்றையும் முகட்டை நோக்கிப் போகப்போகச் சிறியவற்றையும் பதித்திருப்பார்கள். அவற்றைக் கலைத்துவிட்டு ஒரே அளவிலான புதிய சிலேட்டுகளை இடுவது, அந்தக் கைவேலையை அடியோடு அழிப்பதாகும். ஒழுகலை நிறுத்த உட்புறம் நுரையைப் பீய்ச்சுவது அதைவிட மோசமானது. மரச்சட்டங்கள் உலர முடியாது, ஒட்டிப்போன சிலேட்டை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

சுவரில் படர்ந்த ஐவிக் கொடியை வேரோடு இழுக்கக் கூடாது, இடுக்கில் புகுந்த வேருடன் கல்லும் வந்துவிடும். அடித்தண்டை அறுத்துவிட்டுக் கொடி காயும்வரை காத்திருக்க வேண்டும்.

களஞ்சியத்தின் எதிரெதிர் வாசல்கள், கதிரடித்த தானியத்தைத் தூற்றக் காற்று வரும்படி அமைந்தவை. சுவரிலுள்ள ஒடுங்கிய பிளவுகள் உள்ளே அடுக்கிய விளைச்சல் புழுங்காமல் இருப்பதற்கானவை. அவற்றை அடைப்பதும், வெளிச்சத்துக்காகப் புது ஜன்னல்களை வெட்டுவதும், அக்கட்டடம் எதற்காக எழுந்தது என்பதையே மறைத்துவிடுகின்றன. சட்டச் சிக்கலும் உண்டு. பண்ணை வீடு மட்டுமே பாதுகாப்புப் பட்டியலில் இருந்தாலும், அதன் வளாகத்தைச் சேர்ந்த, 1948 ஜூலை 1-க்கு முற்பட்ட கொட்டகைகளுக்கும் பொதுவாக அந்தப் பாதுகாப்பு பொருந்தும். உரிய அனுமதியின்றி அவற்றின் தன்மையை மாற்றுவது, 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வேல்ஸ் வரலாற்றுச் சூழல் சட்டத்தின்படி குற்றம். கூரையில் வௌவால்கள் தங்கும் இடமும் சட்டப் பாதுகாப்புக்கு உரியது, அவை அங்கே இல்லாத மாதங்களிலும்கூட. சிறு குதிரைலாட வௌவால் மற்ற பெரும்பாலான வௌவால்களைப் போல இடுக்கில் ஊர்ந்து நுழைவதில்லை, பறந்தபடியே உள்ளே வருவது. திறந்து கிடக்கும் பழைய பரண் வாசல் ஒன்றுக்குக் கதவு போடுமுன், கோடையில் ஒரு மாலையாவது தகுதி பெற்ற ஆய்வாளர் அங்கே நின்று பார்க்க வேண்டும்.