முழங்கால் ஜவ்வு அடிபட்டால்: ஆபரேஷன் இல்லாமல் மீண்டு வந்த வழி

கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்தேன். கன்று திடீரென்று கயிற்றை இழுக்க, இடது பாதம் சேற்றில் புதைந்தபடியே உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். அன்று சாயங்காலம் நடந்தேன், பால் கறந்து சொசைட்டிக்கும் ஊற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் முழங்கால் வீங்கி, சில்லு இருக்கும் இடமே தெரியவில்லை.

எம்ஆர்ஐ எடுத்ததில் உள்பக்க ஜவ்வில் (இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி கிடப்பது) சின்னக் கிழிசல், சில்லுக்கு அடியில் குருத்தெலும்புத் (எலும்பு முனையை மூடியிருப்பது) தேய்மானம் என்று வந்தது. "ஆபரேஷனுக்கு இப்ப அவசரம் இல்லைங்க. மூணு மாசம் பயிற்சி செஞ்சு பாருங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார் டாக்டர். இப்போது 14 மாதம் ஆகிறது. காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் தினமும் இரண்டு வேளை மாடு கறக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்ததை, நம் வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

வீட்டுப் பயிற்சி எல்லோருக்கும் சரிவராது. முழங்கால் பூட்டிக்கொண்ட மாதிரி நீட்டவே முடியாமல் நின்றாலோ, அடிபட்ட ஓரிரண்டு மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கினாலோ, நாலடி கூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, நடக்கும்போது கால் மடங்கி விழப் பார்த்தாலோ உடனே எலும்பு டாக்டரிடம் போய்விடுங்கள். மூட்டு சூடாகச் சிவந்து காய்ச்சலும் வந்தால், அல்லது கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாளிக் கைப்பிடி போலப் பிரிந்து மூட்டுக்குள் மடங்கிக்கொள்ளும் கிழிசலுக்கு ஆபரேஷன்தான் வழி. சின்ன வயதில் விளையாட்டில் கிழிந்த ஜவ்வைத் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

வயதோடு சேர்ந்து வரும் கிழிசல் வேறு வகை. பின்லாந்தில் இந்த வகைக் கிழிசல் உள்ள 146 பேரைக் கிட்டத்தட்டப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கிழிந்த ஜவ்வை வெட்டி எடுத்தார்கள், மறு பாதிக்கு ஆபரேஷன் போலவே செய்துவிட்டு ஜவ்வைத் தொடாமல் விட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வலி குறைந்த அளவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2013-ல் வெளியான ஆய்வு இது. டாக்டர் 'பொறுங்கள்' என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

ரிப்போர்ட்டில் 'கிரேடு 2' என்று பார்த்துப் பயப்படுகிறவர்களும் நிறைய. ஜவ்வுக்கு கிரேடு 2 என்றால் உள்ளே மாற்றம் தெரிகிறது, ஆனால் விளிம்பு வரை கிழியவில்லை என்று அர்த்தம். குருத்தெலும்புக்குப் போடும் கிரேடு கணக்கு வேறு. இரண்டையும் டாக்டரிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

நாம் பொதுவாக 'ஜவ்வு' என்று சொல்வதில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, எலும்பு முனையை வழவழவென்று மூடியிருக்கும் குருத்தெலும்பு. இன்னொன்று, இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் மெத்தை மாதிரி கிடக்கும் ஜவ்வு. பிறையின் வெளி ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் ஆற வாய்ப்பு இருக்கிறது. உள் ஓரத்துக்கு ரத்தம் போவதில்லை. குருத்தெலும்புக்கோ ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டு நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. கால் ஊன்றும்போது ஈரப் பஞ்சைப் பிழிந்த மாதிரி நீர் வெளியேறி, எடுக்கும்போது திரும்ப உள்ளே ஊறுகிறது. காலை அசைக்காமல் வைத்தால் அந்த ஊட்டம் குறைந்துவிடுகிறது.

தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி முளைத்து வராது. ஆனால் தொடைச் சதை பலமானால் மூட்டின் மேல் விழும் சுமை குறைந்து, வலியும் வீக்கமும் அடங்கும்.

இது தெரியாமல் நான் முதல் இரண்டு வாரத்தை வீணாக்கினேன். "கண்ணு, அசையாமப் படுத்துக்க, சோறு நான் ஆக்கிக்கறேன்" என்று மாமியார் அன்போடு சொன்னார். ஒரு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் போட்டுக்கொண்டு வந்தேன். கட்டை அவிழ்த்ததும் பிசியோதெரபிஸ்ட் தையல் டேப்பை எடுத்து, சில்லுக்கு மேலே 10 செ.மீ. தள்ளி இரண்டு தொடையையும் அளந்தாள். இடது தொடை 3 செ.மீ. இளைத்திருந்தது. "பாருங்கக்கா, இதை ஏத்தறதுக்கு மூணு மாசம் ஆகும்" என்றாள். அப்படித்தான் ஆயிற்று.

முதல் படி: வீக்கம் இறங்க (முதல் பத்து நாள்)

ஐஸை ஒரு துண்டில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வையுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றினால் விரல் மரத்துப் போகாத அளவுக்குத்தான் இறுக்கம் இருக்க வேண்டும். படுக்கும்போது குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்துக் காலை உயர்த்துங்கள். முழங்காலுக்கு அடியில் மட்டும் நாள் முழுக்கத் தலையணை வேண்டாம். மடங்கியே பழகினால் பிறகு நீட்டுவது பெரும்பாடு. வீக்கம் இருக்கும்போது எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் கூடாது.

தடி பிடித்தால் நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். எனக்கு இடது கால் வலி, வலது கையில் தடி. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கக்கூஸுக்கு பிளாஸ்டிக் கமோடு சேர் ஒன்று வாங்கிவிடுங்கள். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகம், வயிற்றுப்புண், பிரஷர் இருப்பவர்களுக்கு அதில் ஆபத்து உண்டு.

இரண்டாம் படி: தொடையை எழுப்புவது (முதல் வாரத்திலிருந்தே)

மூட்டு வீங்கினால் தொடைச் சதை தூங்கிப்போகும். அதனால் மூன்று பயிற்சி.

பாயில் கால் நீட்டி உட்காருங்கள். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை நசுக்குவது போல அழுத்தி ஐந்து எண்ணுங்கள். விரலால் சில்லுக்கு மேலே உள்பக்கம் தொட்டுப் பாருங்கள், சதை கெட்டியாக வேண்டும். எனக்கு முதல் நான்கு நாள் தளதளவென்றே இருந்தது, ஐந்தாம் நாள்தான் லேசாகத் துடித்தது. பத்துத் தடவை, தினம் மூன்று வேளை.

அடுத்து, குதிகாலுக்கு அடியில் ஒரு துணியைப் போட்டுத் தரையோடு இழுத்து மடக்கி நீட்டுவது. மூன்றாவது, மல்லாந்து படுத்து நல்ல காலை மடித்து வைத்து, வலிக்கிற காலை நேராக ஒரு அடி தூக்கி ஐந்து எண்ணி இறக்குவது. தூக்கும்போது முழங்கால் மடங்கினால் இன்னும் நேரம் வரவில்லை, துண்டுப் பயிற்சிக்கே திரும்புங்கள். கயிற்றுக் கட்டிலில் செய்யாதீர்கள், தொய்வில் பலன் போய்விடும். தரையில் உட்கார முடியாவிட்டால் திண்ணையே போதும்.

தினமும் காலையில் ஒரு சோதனை

எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்பதை மறுநாள் முழங்காலைப் பார்த்து முடிவு செய்தேன். எழுந்ததும் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து சில்லின் உள்பக்கக் குழியைப் பார்ப்பேன். உள்ளங்கையால் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை வழித்துவிட்டு, வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக வழிப்பேன். நீர் இருந்தால் உள்குழி மெல்ல உப்பி வரும். உப்பினால் முந்தைய நாள் செய்தது அதிகம், அன்றைக்குப் பாதிதான். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் பயிற்சியின்போது மூன்று வரை வலிக்கலாம், மறுநாள் காலையில் பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இந்தச் சோதனையை மட்டும் ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: சுமை ஏற்றுவது (ஏறக்குறைய நாலாவது வாரம் முதல்)

மல்லாந்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, தூணைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இடுப்புச் சதை பலமில்லாவிட்டால் முழங்கால் உள்பக்கம் சாயும் என்பதால்தான் இடுப்புக்கும் பயிற்சி.

சைக்கிள் மிகவும் நல்லது. ஜிம் தேவையில்லை. பழைய சைக்கிளைச் சுவரோரம் ஸ்டாண்டு போட்டு, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றினேன். பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீண்டிருக்கும்படி சீட்டை உயர்த்த வேண்டும். பத்து நிமிடத்தில் தொடங்கலாம். நடைக்கு பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரை சமமாக இருந்தது. அதிலும் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரம் ஐந்து நிமிடம் கூட்டினேன். உழுத காட்டில் நடப்பதை நான்கு மாதம் தள்ளிவைத்தேன்.

நாலாம் படி: செங்கல்லும் ஹாலோ பிளாக்கும்

படுக்கப் போட்ட செங்கல் மூன்று இஞ்ச் உயரம். தூணைப் பிடித்து வலிக்கிற காலை அதன்மேல் வைத்து ஏறுங்கள், மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். இரண்டு வாரம் வீக்கம் இல்லாமல் போனால் ஆறு இஞ்ச் ஹாலோ பிளாக்கைப் படுக்கவைத்து அதில் ஏறலாம், பிறகு வாசற்படி. மலைக்கோயில் படிக்கு அவசரப்படாதீர்கள். சென்னிமலையில் 1,320 படி, மூட்டுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. நான் பத்தாவது மாதம் நடந்து ஏறி, பஸ்ஸில் இறங்கினேன்.

உடல் எடை கூடுதலாக இருந்தால் அதையும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் மூட்டில் சுமார் நான்கு கிலோ சுமை குறையும். குருத்தெலும்பை வளர்க்கும் என்று விற்கிற மாத்திரைக்குச் செலவழிப்பதை நான் நிறுத்திவிட்டேன், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

குத்துக்காலிட்டு உட்காருவது

எல்லோருக்கும் இது தேவை இல்லை. ஜவ்வின் பின்பகுதியில் கிழிசல் இருந்தால் ஆழமாக மடக்குவது சுமை, பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் முயலாதீர்கள். எனக்கு ஏழாவது மாதம் அனுமதி கிடைத்தது. அதுவரை முக்காலி. முதலில் உயர முக்காலி, பிறகு குட்டை முக்காலி, பிறகு தூணைப் பிடித்துப் பாதி, அப்புறம் முழுசாக ஐந்து எண்ணும் நேரம். ஒரு மாட்டை முழுக்கக் கறக்க இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. இப்போது முதல் இரண்டு மாட்டைக் குத்துக்காலிட்டே கறக்கிறேன். மூன்றாவது மாட்டுக்கு முக்காலியைப் போட்டுக்கொள்கிறேன்.