பழுப்பான எரிபொருள், தட்டையான கோடு

ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளை 140 டிகிரி செல்சியஸில் காற்றோட்டத்தோடு பல மணி நேரம் சூடாக்கியிருந்தேன். நிறம் நன்றாகப் பழுப்பேறிவிட்டது. ஆனால் அகச்சிவப்பு நிறமாலையில் (எந்த அலையெண்ணில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் வரைபடம்) ஒன்றையும் காணோம். ஆக்ஸிஜனேற்றத்தில் உருவாகும் கீட்டோன், அமிலம் போன்றவற்றின் கார்பனைல் பிணைப்பு (கார்பன்-ஆக்ஸிஜன் இரட்டைப் பிணைப்பு) 1710 செ.மீ.⁻¹ பக்கம் ஒரு மேடு காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்தது வெறும் இரைச்சல். இரண்டு நாள் அடுப்பைத்தான் சந்தேகப்பட்டேன்.

அடுப்பு பாவம். குற்றவாளி, சுலபமாக இருக்கிறதே என்று நான் பயன்படுத்திய ஏ.டி.ஆர் படிகம் (மேலே ஒரு துளி வைத்தாலே அளக்கலாம்). அதில் கதிர் திரவத்துக்குள் சில மைக்ரான் ஆழம்தான் போகும். இவ்வளவு நீர்த்த விளைபொருள் அதில் தெரியாது. 0.5 மி.மீ. பாதை நீளமுள்ள திரவக் கலத்துக்கு மாறினேன். கதிர் புகுந்து வெளியேறும் ஜன்னல் கால்சியம் ஃபுளோரைடு: ஈரம் பட்டாலும் உப்பு ஜன்னல்போல மங்காது. 1100 செ.மீ.⁻¹-க்குக் கீழே அது ஒளியை விடாது, ஆனால் நமக்கு அங்கே வேலையில்லை.

மேடு வந்தது, கூடவே ரம்பப் பல் மாதிரி கூர்மையான கோடுகளும். அது கருவிக்குள் இருந்த நீராவி. உலர் நைட்ரஜன் செலுத்தி, மூடியைத் திறந்து மூடிய ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் காத்திருந்த பிறகு மறைந்தது. (அந்தப் பொறுமை எனக்கு லேசில் வரவில்லை.)

கடைசியாக, சூடாக்காத அதே எரிபொருளை அதே கலத்தில் அளந்து கழித்தேன். எஞ்சிய மேட்டின் பரப்பு, சூடாக்கிய நேரத்தோடு சேர்ந்து ஏறியது. நிறத்தை வைத்து முடிவுகட்டுவதை அன்றோடு விட்டேன்.