உப்புக்காற்றில் பிளக், கேப், காயில்: கடலூர், புதுவை வண்டிகளுக்கு

கடலூர் முதுநகரிலோ வைத்திக்குப்பத்திலோ ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டி காலையில் முரண்டு பிடிக்கும். எட்டு உதை உதைத்தால் ஒருமுறை பிடித்து, இரண்டு இருமல் இருமி, நின்றுபோகும். ஒன்பது மணி வெயில் ஏறியதும் அதே வண்டி ஒரே உதையில் கிளம்பும். இதற்கு எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நுனியை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டுவது. இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் பழைய கதை. கோளாறு பிளக்கின் நுனியில் இல்லை, எஞ்சினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலையில் இருக்கிறது.

கடற்காற்றில் வரும் உப்பு, பிளக்கின் தலையில் மாட்டும் கேப் மேலும், உயர் அழுத்த மின்சாரம் தரும் காயிலிலிருந்து வரும் ஒயர் மேலும், பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. காய்ந்திருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சமையற்கட்டில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே விஷயம். இந்தக் கரையில் விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டாத நாட்கள் குறைவு. நுனியில் பொறி விழ 10,000 முதல் 20,000 வோல்ட் வரை ஏற வேண்டும். அத்தனை ஏறுவதற்குள் ஈர உப்பின் வழியே கரண்ட் எஞ்சின் உடம்பில் இறங்கிவிடுகிறது. மழையே பெய்யாத மாதத்திலும் காலையில் வண்டி மக்கர் செய்வது இதனால்தான்.

ஆகவே அழுக்கு இரண்டு வகை. உள்ளே, நுனியில், கரி. வெளியே, தலையில், உப்பு. கரி பெட்ரோலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ இளகும். உப்பு பெட்ரோலில் கரையவே கரையாது, தண்ணீரில்தான் கரையும். கேப்பைப் பெட்ரோல் துணியால் பளபளவென்று துடைத்து மாட்டினாலும் மறுநாள் காலை மக்கர் செய்தால் காரணம் தெரிந்திருக்கும்.

கழற்றுதல்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டோடு இருக்கும்போது பிளக்கைத் திருப்பினால் மரை பிய்ந்து வரும். பிளக் ஸ்பேனர் அளவு மரையைப் பொறுத்தது: 10 மி.மீ. மரைக்கு 16, 12 மி.மீ. மரைக்கு 18, பழைய 14 மி.மீ. மரைக்கு 21. இன்றைய பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 10 மி.மீ. தான்.

ஒயரை இழுக்காமல் கேப்பைப் பிடித்து, லேசாகத் திருகி எடுங்கள். பிளக்கைத் தொடுமுன் அது உட்கார்ந்திருக்கும் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது முக்கியம். அங்கே சேர்ந்திருக்கும் மணல் பிளக் வெளியே வந்ததும் நேரே சிலிண்டருக்குள் விழும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் புழங்கும் வண்டிகளில் அந்தக் குழியில் ஒரு சிட்டிகை மணல் இருப்பது சாதாரணம். பஞ்சர் கடைக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். குழாயை முதலில் தரைப்பக்கம் பிடித்து நாலைந்து விநாடி ஊதவிட்டு, பிறகு குழிக்குக் காட்டுங்கள். பிளக்கை அரைச் சுற்று தளர்த்தி மறுபடி ஒருமுறை ஊதிவிட்டால் இன்னும் நல்லது. பிளக் வெளியே வந்ததும் ஓட்டையைச் சுத்தமான துணியால் அடைத்துவையுங்கள்.

நுனியைப் பார்த்தால் தெரிவது

தவிட்டு நிறமோ வெளிர் சாம்பலோ இருந்தால் எஞ்சின் நலம். பி.எஸ்.6 எஃப்.ஐ. வண்டிகளில் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோல் பீச்சுபவை) பீங்கான் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். விரலில் ஒட்டும் காய்ந்த கருங்கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு: சோக்கை இழுத்துவிட்டபடியே ஓட்டியது, ஏர் ஃபில்டர் அடைத்தது, அல்லது தெருமுனைக் கடைக்கு மட்டுமே போய்வரும் வண்டி. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பீங்கான் நுனி சுமார் 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் அந்தச் சூடு வராது. வாரம் ஒருமுறை ஈ.சி.ஆரில் இருபது நிமிஷம் ஓட்டினால் உப்புத்தாள் செய்யாத வேலையை அது செய்யும்.

எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் 4 ஸ்ட்ரோக்கில் வால்வ் சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கிறது. பழைய 2 ஸ்ட்ரோக்கில் ஆயில் அதிகம் கலந்திருக்கலாம். இதில் பிளக்கைத் துடைப்பது ஒழுகும் கூரைக்குக் கீழே தரையைத் துடைப்பது மாதிரிதான். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாகிக் கொப்பளித்திருந்தால் மிதமிஞ்சிய சூடு: காற்றுக்கசிவு, அல்லது தவறான ஹீட் ரேஞ்ச் (நுனிச் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற அளவு) பிளக். இங்கே ஒரு குழப்பம் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சியான பிளக். பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான பிளக். கடைக்காரர் “ஏறக்குறைய ஒண்ணுதான்” என்று மாற்றிக் கொடுத்தால், வண்டிக் கையேட்டில் இருக்கும் எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

பீங்கான் இரும்பு உடம்பைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம், பழுப்பாக ஒரு வளையம் தெரியும். எஞ்சின் கேஸ் கசிகிறது என்று பலர் பிளக்கையே தூக்கிப்போடுகிறார்கள். உயர் அழுத்த மின்சாரம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைப்பதால் வரும் கறை அது. ஆனால் பீங்கானின் நீளவாக்கில் பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் வேறு விஷயம். பொறி நுனிக்குப் போகாமல் வெளியே வழிந்து ஓடிய தடம் அது. அந்தப் பிளக்கும், அநேகமாக அதன் கேப்பும், குப்பைக்குத்தான்.

கரியை எடுப்பது

சின்னக் கிண்ணத்தில் கார்புரேட்டர் கிளீனர் ஊற்றி, மரை மூழ்கும் அளவுக்கு மட்டும் பிளக்கைத் தலைகீழாகப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பீங்கானைச் சுற்றியுள்ள ஆழமான இடுக்கில் பிரஷ் போகாது. துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, நுனியைச் சீவி, அதால் சுரண்டுங்கள். பீங்கானில் கீறல் விழாது.

கம்பி பிரஷ் மரைக்கு மட்டும். பீங்கானில் போட்டால் உலோகம் இழையிழையாக அதில் ஒட்டிக்கொள்ளும். கரியை எடுத்துவிட்டு அதைவிட நல்ல மின்கடத்தியைப் பூசியதாகிவிடும். மணல் ஊதும் மெஷினும் வேண்டாம். இடுக்கில் தங்கும் ஒரு மணல் போதும், சிலிண்டர் சுவரில் கோடு விழ. அடுப்புத் தீயில் காட்டிச் சிவக்க வைப்பவர்களும் உண்டு; அந்தச் சூட்டில் ஈரத்துணி பட்டால் பீங்கானில் மயிரிழை விரிசல் விடும். இரிடியம் பிளக்கின் நடுக்கம்பி அரை மி.மீ. கனம்தான் இருக்கும், அதை எதைக் கொண்டும் தேய்க்கக் கூடாது.

வெயிலில் அரைமணி நேரம் காயவிட்டு, மல்டிமீட்டரை 20 மெகா ஓம்ஸ் அளவில் வைத்துத் தலைக்கும் இரும்பு உடம்புக்கும் இடையே பாருங்கள். எந்த எண்ணும் வரக் கூடாது. வந்தால் கரி இன்னும் இருக்கிறது, அல்லது பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது. பெயரில் ஆர் எழுத்துள்ள பிளக்கில் தலைக்கும் நடுக்கம்பிக்கும் இடையே சுமார் 5 கிலோ ஓம்ஸ் காட்டும், அது இயல்பு. நடுக்கம்பியின் விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தால் இத்தனை சிரமமும் வீண், புதுசு வாங்கிவிடுங்கள். சாதாரண நிக்கல் பிளக்கைப் பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இழுத்தடிக்க வேண்டியதில்லை.

உப்பை எடுப்பது

இந்த ஊர்களில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பிளக்கின் வெளிப்பீங்கான், கேப்பின் உள்ளும் புறமும், ஒயர் முழுவதும், காயில் உடம்பு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு தடவை துடையுங்கள். கடற்கரையோர போர் தண்ணீர் ஆகாது, அதிலேயே உப்பு இருக்கிறது. கேன் தண்ணீர், மழைத்தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், எதுவானாலும் சரி. கேப்பின் உள்ளே ஈர்க்குச்சியில் துணி சுற்றி விடுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு தடவை. அது மிச்ச ஈரத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். கடைசியாக வெயில்.

அடுத்து கேப்பை ஒயரிலிருந்து கழற்றுங்கள். பல பைக்குகளில் கேப்புக்குள் ஒரு திருகுமுனை உண்டு. அதுதான் ஒயரின் செம்பு இழைகளுக்குள் ஏறியிருக்கும். இடப்பக்கம் திருகினால் வந்துவிடும். வராமல் ஒரே வார்ப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். கழன்றதும் ஒயரின் வெட்டுமுனையை வெளிச்சத்தில் பாருங்கள். இழைகள் செம்பாகப் பளிச்சென்று இருக்க வேண்டும். கடலோர வண்டியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சில சமயம் தொட்டாலே பொடியாக உதிரும். கூர்மையான கட்டரால் 5 மி.மீ. நேராக வெட்டுங்கள்; உள்ளே இன்னும் பச்சை தெரிந்தால் மறுபடி 5 மி.மீ. ஒயர் நீளம் இடம் கொடுத்தால்தான் வெட்டலாம் என்பதை மறக்க வேண்டாம். பிறகு கேப்பை வலப்பக்கம் திருகி இறுகும்வரை ஏற்றுங்கள்.

மாட்டுமுன் கேப்பையும் மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். ரெசிஸ்டர் உள்ள கேப் பெரும்பாலும் 5 கிலோ ஓம்ஸ் சுற்றியே காட்டும். எண்ணே வராவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. கேப்பின் ரப்பர் வாயில் உட்புறமாக ஒரு மிளகளவு டைஎலெக்ட்ரிக் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், ஈரம் உள்ளே போகாது. வாசலின், வீல் பேரிங் கிரீஸ் எல்லாம் ரப்பரை ஊதவைக்கும். டபிள்யூ.டி.-40 ஸ்பிரே ஈரத்தை விரட்டி அந்த நேரத்துக்கு வண்டியைக் கிளப்பும், ஆனால் மேலே தங்கும் எண்ணெய்ப் படலத்தில் புழுதி ஒட்டும். அதையே வைத்தியமாக்கிக்கொள்ள வேண்டாம்.

காயில் ஃபிரேமில் பொருந்தும் போல்ட்டைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் எர்த்தும் அங்கேயேதான். அடியில் துரு இருந்தால் உப்புத்தாளுக்கு நியாயமான வேலை இங்கே இருக்கிறது: இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கி மாட்டி, வெளிப்பக்கம் லேசாக கிரீஸ் பூசுங்கள்.

மாட்டுதல்

நுனியில் பொறி தாவும் இடைவெளியைக் கையேட்டில் பார்த்து ஃபீலர் கேஜால் (அளவு போட்ட மெல்லிய தகடுகள்) வைக்க வேண்டும். பல பைக்குகளுக்கு 0.7 முதல் 0.9 மி.மீ. வரை, பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் தொடுமுனைகள்) வைத்த பழைய வண்டிகளுக்கு 0.6 அளவில். வளைப்பது வெளிக்கம்பியை மட்டும். தலையில் திருகும் குமிழ் உள்ள பிளக்கானால் அதை பிளேயரால் இறுக்குங்கள். அது தளர்ந்து கேப்புக்குள் பொறி தாவுவதால் வரும் மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்க அரைநாள் போகும்.

குழிக்குள் கை எட்டாவிட்டால் ஒரு சாண் பெட்ரோல் டியூபைப் பிளக்கின் தலையில் செருகி அதால் திருப்புங்கள். மரை தப்பி ஏறினால் டியூப் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். கையால் முழுக்க இறங்கிய பிறகுதான் ஸ்பேனர். புதுப் பிளக் என்றால் கையிறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்று; பழசை மறுபடி மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுப் போதும். இறுக்கும் விசையை அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 14 மி.மீ.க்கு 25 முதல் 30. மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். வழுக்கும் மரையில் அளவு தெரியாமல் அதிக இறுக்கம் ஏறிவிடும்.

பொறி வருகிறதா என்று பார்க்க பிளக்கைக் கேப்பில் மாட்டி, இரும்பு உடம்பை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இடத்தில் அழுத்தமாகத் தொடவையுங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றும். கையிலும் பிடிக்காதீர்கள். எர்த் தொடாமல் உதைத்தால் சி.டி.ஐ., ஈ.சி.யூ. போன்ற மின்னணுப் பெட்டிகள் பழுதாகலாம். நீலமாகச் சொடுக்கினால் நல்லது, ஆரஞ்சாக மெலிந்தால் பலவீனம். வெளியே பொறி வருவதால் உள்ளேயும் வரும் என்று சொல்ல முடியாது. அமுக்கிய கலவையில் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். ஸ்பார்க் டெஸ்டரில் 6 மி.மீ. தாவினால் நம்பலாம்.

கசிவைப் பிடிக்க எளிய வழி இருட்டு. ராத்திரி விளக்கை அணைத்து, வண்டியை ஐடிலிங்கில் விட்டு, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயால் கேப், ஒயர் மேல் மெல்லியதாகத் தண்ணீர் அடியுங்கள். கசியும் இடத்தில் நீல இழை ஓடும். தொடாதீர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டவே வர வேண்டாம்.

பழைய வண்டியும் காரும்

சி.பி. பாயிண்ட் உள்ள புல்லட், ஸ்கூட்டர்களில் பாயிண்ட் முகத்தை மெல்லிய அரத்தால் சமப்படுத்தி, சுத்தமான அட்டைத்துண்டை இடையில் இழுத்தெடுங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. என்பது பொதுவானது. ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக அடிக்கடி ஆனால் கண்டென்சரை மாற்றுங்கள். காரில் பிளக் தலையிலேயே காயில் உட்காரும் வகையானால் கனெக்டர் பூட்டை விடுவித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். குழிக்குள் ஆயில் நின்றால் டாப் கவர் சீல் போயிருக்கிறது. ஆயில் ஊறிய காயிலின் ரப்பர் உறையைத் துடைத்துப் போட்டால் நிலைக்காது.

தண்ணீரில் மூழ்கினால்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருவில் நின்ற வண்டிகள் சீட்டு வரை நனைந்தன. அப்படி மூழ்கிய வண்டியில் செல்ஃபைத் தொடவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, கிக்கரை மெதுவாக, தண்ணீர் பீச்சுவது நிற்கும்வரை அழுத்துங்கள். எஞ்சின் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் மாற்றியாக வேண்டும். ஏர் ஃபில்டரையும் மாற்றுங்கள், டேங்கில் தண்ணீர் இறங்கியிருந்தால் பெட்ரோலை வடித்துவிடுங்கள். பிளக் ஓட்டை வழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி இரண்டு தடவை உதைத்தால் சிலிண்டர் சுவர் துருப்பிடிக்காது. வெள்ளத்தில் கடல்நீரும் கலந்திருக்கும் என்பதால் கேப், ஒயர், காயில், கனெக்டர் எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன நல்லதண்ணீர்க் குளியல் அன்றைக்கே வேண்டும். ஒரு வாரம் கழித்துச் செய்தால் ஒயர் முனையில் களிம்பு ஏறியிருக்கும்.