வேலையை விட்டுத் தொழிலுக்கு வந்த பிறகு

சொந்தத் தொழில் தொடங்கியதும் முதலில் காணாமல் போனது ஒன்றாம் தேதிச் சம்பளம். தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கிடந்ததால், பெரிய தொகை வந்த மாதம் தாராளம், வராத மாதம் முணுமுணுப்பு. லாபம் எவ்வளவு என்று மனைவி கேட்டால் எனக்கே தெரியாது.

தொழிலுக்கென்று தனியாக ஒரு நடப்புக் கணக்கு தொடங்கினேன். வாடிக்கையாளர் தரும் பணம் எல்லாம் அங்கேதான் போகும். அதிலிருந்து மாதாமாதம் ஒரே தொகை, சம்பளம் மாதிரி, வீட்டுக் கணக்குக்குத் தானாக மாறும்படி வைத்தேன். ரொம்ப மந்தமான மாதத்தின் வரவைப் பார்த்துத்தான் அந்தத் தொகையை முடிவு செய்தேன். சராசரியை நம்பினால் தாங்காது. நல்ல மாதத்தில் மிஞ்சுவது வரிக்கும் மந்த காலத்துக்கும் அங்கேயே இருக்கும். முன்பணம் வந்தால், வேலை முடியும்வரை அது அடுத்தவர் பணம். வீட்டில் இதை ஒத்துக்கொள்ளத்தான் கொஞ்சம் நாளானது.

அப்புறம் போன். வாட்ஸ்அப் பிசினஸில், இரவில் வரும் செய்திக்கு "காலையில் அழைக்கிறேன்" என்று தானாகப் பதில் போகும்படி செய்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளர் யாரும் இல்லை. மகள்தான், "ஏம்ப்பா, இப்பல்லாம் யாரும் கூப்பிடறதில்லையே, தொழில் சரியில்லையா?" என்கிறாள்.